ஏழைகளைப் படம் பிடித்த பிரபு

பஞ்சு மெத்தையில் பிறந்து வளர்ந்த ஒருவரால் ஏழையின் துயரத்தை உள்ளபடி காட்ட முடியுமா?

முடியும் என்று காட்டியவர் லுக்கினோ விஸ்கோன்டி.

இத்தாலி நாட்டின் புகழ்பெற்ற டைரக்டர் இவர். நாடகம், ஓபரா, சினிமா ஆகிய மூன்று துறைகளிலும் முதல் வரிசையில் நின்றவர். ஓபரா என்பது பாட்டாலேயே கதையை நடத்திச் செல்லும் இசை நாடகம். இத்தாலி மக்களுக்கு அது உயிர் போன்றது.

விஸ்கோன்டி எடுத்த முழுநீளப் படங்கள் 14. மேடையேற்றிய நாடகங்கள் 40-க்கும் மேல். இசை நாடகங்கள் சுமார் 20.

இத்தனையிலும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேடையில் இருப்பதும் திரையில் தெரிவதும் உண்மையாக இருக்க வேண்டும்! அந்தப் பிடிவாதத்துக்காக அவர் கொடுத்த விலை கொஞ்சநஞ்சம் அல்ல.

மாளிகைக்குள் ஒரு மேடை

வட இத்தாலியில் உள்ள பெரிய நகரம் மிலான். ஒரு காலத்தில் அந்த நகரத்தையே ஆண்ட வம்சம் விஸ்கோன்டி வம்சம். அந்த வம்சத்தில் 1906-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி லுக்கினோ பிறந்தார்.

தந்தை ஜுஸெப்பே, பெரிய பிரபு. தாய் கார்லா எர்பா, மருந்துத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த குடும்பத்துப் பெண். தந்தை வழியில் அந்தஸ்து, தாய் வழியில் பணம். இரண்டும் அந்த வீட்டில் குறைவில்லாமல் இருந்தன.

தம்பதிக்கு 7 குழந்தைகள். லுக்கினோ நாலாவது பிள்ளை.

அவர்கள் மாளிகையிலேயே ஒரு நாடக மேடை இருந்தது. குடும்பத்தாரும் நண்பர்களும் அதில் நடிப்பார்கள். குழந்தைகளுக்குத் தாயே சங்கீதப் பயிற்சி அளித்தார். லுக்கினோ செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வாசிக்கக் கற்றார்.

மிலானில் லா ஸ்காலா என்னும் இசை நாடக அரங்கம் இருக்கிறது. உலகப் புகழ் பெற்றது. 1897-ம் ஆண்டு நகரசபை பண உதவியை நிறுத்தியதால் அரங்கம் மூடப்பட்டது. லுக்கினோவின் பாட்டனார் குய்தோ விஸ்கோன்டி முன்வந்தார். ஒரு சங்கத்தை அமைத்து, அரங்கத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றார். 1898-ம் ஆண்டு இறுதியில் கதவுகள் மீண்டும் திறந்தன. அப்போது இசைக்குழுவை நடத்த வந்தவர், பிற்காலத்தில் உலகம் கொண்டாடிய டோஸ்கனினி.

அந்த அரங்கத்தில் விஸ்கோன்டி குடும்பத்துக்குத் தனி இடம் உண்டு. சிறுவன் லுக்கினோ அங்கே உட்கார்ந்து, இமை கொட்டாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

குதிரைப் பைத்தியம்

இளமையில் அவருக்குக் கலை மீது இருந்த ஆசையைவிடக் குதிரை மீது இருந்த ஆசையே அதிகம்.

குதிரைப் படையில் சேர்ந்து பயிற்சி பெற்றார். வெளியே வந்ததும் சொந்தமாகக் குதிரை லாயம் அமைத்தார். பந்தயக் குதிரைகளை வளர்த்தார். சான்ஸியோ என்ற அவருடைய குதிரை பெரிய பந்தயங்களில் வென்று பெயர் வாங்கித் தந்தது.

வயது 30-ஐ நெருங்கியது. நல்ல உடை, நல்ல உணவு, நண்பர்கள், பிரயாணம் என்று பொழுது போயிற்று. இப்படியே வாழ்ந்து முடித்திருந்தால், லுக்கினோவின் பெயர் குதிரைப் பந்தயப் புத்தகத்தோடு நின்றிருக்கும்.

ஆனால் 1936-ம் ஆண்டு அவர் வாழ்க்கை திசை திரும்பியது.

பாரிஸ் தந்த பாடம்

அப்போது அவர் பாரிசில் இருந்தார். உடை அலங்காரத்தில் புகழ்பெற்ற கோக்கோ ஷனெல் அம்மையார் அவருக்குப் பழக்கம். சினிமாவில் அவருக்கு இருந்த ஆசையை அறிந்த அந்த அம்மையார், பிரெஞ்சு டைரக்டர் ழான் ரெனுவாரிடம் அவரை அறிமுகம் செய்து வைத்தார்.

ரெனுவார் அப்போது ஒரு சிறு படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு குடும்பம் ஒரு நாள் பொழுதை ஆற்றங்கரையில் கழிக்கும் கதை. அதில் விஸ்கோன்டி உதவியாளராகச் சேர்ந்தார்.

பிரான்சில் அது தொழிலாளர் எழுச்சியின் காலம். ரெனுவாரைச் சுற்றி இருந்தவர்கள் பலர் இடதுசாரிகள். சாதாரண மக்களின் வாழ்க்கையைப் படமாக எடுக்க வேண்டும் என்று பேசியவர்கள். விஸ்கோன்டியின் சொந்த நாட்டிலோ முசோலினியின் சர்வாதிகாரம் நடந்துகொண்டிருந்தது.

பிரபு வீட்டுப் பிள்ளை அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அவர் மனம் மாறியது. பிற்காலம் முழுவதும் அவர் கம்யூனிஸ்டுக் கட்சியின் ஆதரவாளராகவே இருந்தார்.

1939-ம் ஆண்டு தாயார் காலமானார். மகனை அது மிகவும் வாட்டியது. பின்னர் அவர் ரோம் நகரில் குடியேறினார். சினிமாதான் இனித் தன் தொழில் என்று முடிவு செய்தார்.

வெள்ளை டெலிபோன்

அந்தக் காலத்து இத்தாலியப் படங்கள் பலவற்றுக்கு 'வெள்ளை டெலிபோன் படங்கள்' என்று ஒரு கேலிப் பெயர் உண்டு.

காரணம் இதுதான். அந்தப் படங்களில் வருகிறவர்கள் பணக்காரர்கள். பளபளப்பான மாளிகையில் வசிப்பார்கள். மேஜை மீது வெள்ளை நிற டெலிபோன் இருக்கும். வேலையில்லாத் திண்டாட்டமும் பசியும் அந்தப் படங்களில் தலைகாட்டுவதே இல்லை. அரசாங்கத்துக்கும் அதுவே வசதியாக இருந்தது.

விஸ்கோன்டியும் அவருடைய இளம் நண்பர்களும் சினிமாப் பத்திரிகை ஒன்றில் இதைக் கண்டித்து எழுதினார்கள். எழுதியதோடு நிற்கவில்லை. தாங்களே ஒரு படம் எடுக்கக் கிளம்பினார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் கெய்ன் எழுதிய நாவல் ஒன்றின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை ரெனுவார் விஸ்கோன்டியிடம் கொடுத்திருந்தார். அந்தக் கதையை அவர் இத்தாலிக்கு ஏற்ப மாற்றினார்.

ஊர் ஊராகத் திரியும் ஒரு நாடோடி, சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு வருகிறான். கடைக்காரரின் மனைவிக்கும் அவனுக்கும் தொடர்பு ஏற்படுகிறது. இருவரும் சேர்ந்து கடைக்காரரைக் கொன்றுவிடுகிறார்கள். அந்தப் பாவம் அவர்களை நிம்மதியாக வாழவிடவில்லை. இதுதான் கதை.

'ஒஸெஸ்ஸியோனே' என்பது படத்தின் பெயர். மனத்தை விடாமல் பிடித்து ஆட்டும் வெறி என்பது அதன் பொருள்.

ஸ்டூடியோவுக்குள் ஜோடனை செய்யாமல், போ நதிக்கரைச் சமவெளிக்குப் போய்ப் படம் பிடித்தார். புழுதிச் சாலை, வியர்வை நாற்றம் வீசும் சட்டை, கழுவாத பாத்திரங்கள்! திரையில் இப்படி ஓர் இத்தாலியை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

1943-ம் ஆண்டு படம் வெளிவந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. முசோலினியின் மகன் விட்டோரியோ, இது இத்தாலியே அல்ல என்று சீறிக்கொண்டு எழுந்து போனாராம். பல ஊர்களில் படம் நிறுத்தப்பட்டது. வெட்டப்பட்டது. மூலப் பிரதியும் அழிந்தது. விஸ்கோன்டி தம்மிடம் ஒரு பிரதி வைத்திருந்ததால்தான் படம் பிழைத்தது.

போருக்குப் பிறகு இத்தாலியில் பல டைரக்டர்கள் தெருவுக்கு வந்து, உள்ளபடி வாழ்க்கையைப் படம் எடுத்தார்கள். அந்தப் புதிய வழிக்கு முதல் அடி எடுத்து வைத்தது இந்தப் படமே என்று இன்றும் சொல்லுகிறார்கள்.

சிறையில் பிரபு

1943-ம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மானியப் படை ரோமைப் பிடித்தது. நாஜிகளையும் பாசிஸ்டுகளையும் எதிர்த்தவர்கள் தலைமறைவாக வேலை செய்தார்கள். விஸ்கோன்டி அவர்களுக்கு உதவினார். தேடப்பட்டவர்களுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார்.

1944-ம் ஆண்டு ஏப்ரலில் அவர் பிடிபட்டார்.

அவரைப் பிடித்தது பியெத்ரோ கோக் என்பவனின் கும்பல். சித்திரவதைக்குப் பெயர் போன கும்பல் அது. நகரத்து விடுதி ஒன்றையே அவர்கள் சிறைக்கூடமாக்கி இருந்தார்கள். பக்கத்து அறைகளில் கைதிகள் அலறுவது விஸ்கோன்டியின் காதில் விழும். அவரையும் சுட்டுவிடப்போவதாக மிரட்டினார்கள்.

அவருக்காகச் சிலர் பரிந்து பேசினார்கள். மரணம் தள்ளிப்போயிற்று. ஜூன் 4-ந் தேதி நேச நாட்டுப் படைகள் ரோமுக்குள் நுழைந்தன. விஸ்கோன்டி உயிர் தப்பினார்.

ஓராண்டு கழித்து கோக் மீது விசாரணை நடந்தது. விஸ்கோன்டி சாட்சி சொன்னார். கோக்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவன் சுட்டுக் கொல்லப்பட்டதைப் படம் பிடித்த காமிராக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் விஸ்கோன்டியே! போர்க்காலத்தைப் பற்றிய ஓர் உண்மைப் படத்தில் அந்தக் காட்சி சேர்க்கப்பட்டது.

மேடையில் புயல்

போர் இன்னும் முழுவதும் முடியவில்லை. வட இத்தாலியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்த நிலையில், 1945-ம் ஆண்டு ஜனவரியில், ரோம் நகரத்து எலிசேயோ அரங்கில் விஸ்கோன்டி தமது முதல் பெரிய நாடகத்தை மேடையேற்றினார். பிரெஞ்சு எழுத்தாளர் கொக்தோ எழுதிய குடும்ப நாடகம் அது. வீட்டுக்குள் மூடி மறைக்கும் விஷயங்களை வெளியே போட்டு உடைத்தது. ரோம் நகரமே அதைப் பற்றிப் பேசியது.

அதுவரை இத்தாலிய நாடகம் எப்படி நடந்தது?

பெரிய நடிகர் நடுமேடையில் நிற்பார். கைதட்டலை எதிர்பார்த்து வசனம் பேசுவார். ஒத்திகை சில நாட்கள்தான். வசனம் மறந்தால் கவலை இல்லை. மேடைக்குக் கீழே ஒளிந்திருப்பவர் எடுத்துக் கொடுப்பார்!

விஸ்கோன்டி இதை எல்லாம் மாற்றினார். முதலில் நடிகர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நாடகத்தைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பாத்திரமும் ஏன் அப்படிப் பேசுகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டும். மேடையில் ஒரு கோப்பை இருந்தால் அது கதை நடக்கும் காலத்துக் கோப்பையாக இருக்க வேண்டும்.

கோபக்காரர். ஒத்திகையில் அவர் குரல் உயர்ந்தால் நடிகர்கள் நடுங்குவார்கள். ஆனாலும் அவரிடம் வேலை செய்யப் போட்டி இருந்தது.

ரீனா மொரெல்லி, பாவ்லோ ஸ்தொப்பா என்ற புகழ்பெற்ற நடிகர் ஜோடி பல ஆண்டுகள் அவருடன் இருந்தது. அதிகம் அறியப்படாத இளைஞராக வந்து சேர்ந்தவர் மார்செல்லோ மஸ்த்ரோயானி. பின்னாளில் அவர் உலகம் அறிந்த நட்சத்திரம் ஆனார். அமெரிக்க நாடக ஆசிரியர்களான டென்னசி வில்லியம்ஸ், ஆர்தர் மில்லர் ஆகியோரின் நாடகங்களை இத்தாலிய ரசிகர்களுக்குப் பழக்கியதில் விஸ்கோன்டிக்குப் பெரும் பங்கு உண்டு.

கடலோரத்தில் ஒரு படம்

1947-ம் ஆண்டு இறுதியில் விஸ்கோன்டி சிசிலித் தீவுக்குப் போனார். அங்கே ஆச்சி திரெஸ்ஸா என்று ஒரு மீனவர் கிராமம் உண்டு. எழுத்தாளர் வெர்கா 1881-ம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற நாவல் அந்தக் கிராமத்தில்தான் நடக்கிறது. அதைத் தழுவி ஒரு படம் எடுக்க நினைத்தார்.

தொடக்கத்தில் கம்யூனிஸ்டுக் கட்சி கொஞ்சம் பணம் கொடுத்தது. கையில் திட்டம் பெரிதாக இருந்தது. மீனவர், சுரங்கத் தொழிலாளர், விவசாயி ஆகிய மூவரையும் பற்றி மூன்று பாகங்கள் எடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நடிகர், நடிகை ஒருவரைக்கூட அவர் அழைத்துப் போகவில்லை! அந்த ஊர் மீனவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் குழந்தைகளுமே நடித்தார்கள்.

எழுதி வைத்த வசனமும் கிடையாது. காட்சி இன்னது என்று டைரக்டர் விளக்குவார். இப்படி ஒரு நிலைமை உங்களுக்கு வந்தால் என்ன பேசுவீர்கள் என்று கேட்பார். அவர்கள் தங்கள் கொச்சை மொழியில் சொல்லுவார்கள். அதுவே வசனம்!

கதை இதுதான்.

இரவெல்லாம் கடலில் பாடுபடுகிறவன் மீனவன். கரையில் தராசோடு காத்திருப்பவர்கள் மொத்த வியாபாரிகள். விலையைத் தீர்மானிப்பது அவர்களே. என்தோனி என்ற இளைஞன் இந்த அநியாயத்தைப் பொறுக்கவில்லை. ஆத்திரத்தில் தராசுகள் கடலில் வீசப்படுகின்றன. மீனவ இளைஞர்கள் சிறைக்குப் போகிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் மீன் ஏது? வியாபாரிகளே அவர்களை மீட்டு வருகிறார்கள்.

தன் உழைப்புக்கு எவ்வளவு மதிப்பு என்று என்தோனிக்கு இப்போது புரிகிறது. வீட்டை அடமானம் வைத்துச் சொந்தத் தொழில் தொடங்குகிறான். நெத்திலி ஏராளமாகக் கிடைக்கிறது. குடும்பமே பாட்டும் சிரிப்புமாக உட்கார்ந்து மீனைப் பீப்பாய்களில் உப்பிட்டு வைக்கிறது.

ஒரு நாள் புயல் வருகிறது. படகு நொறுங்குகிறது.

பீப்பாய் மீனை வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். வீடு கடனுக்குப் போகிறது. தம்பி ஊரை விட்டே ஓடுகிறான். என்தோனி அவமானத்தை விழுங்கிக்கொண்டு அதே வியாபாரிகளிடம் கூலிக்குப் போகிறான். ஆனால் ஒன்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தனி ஒருவன் போராடினால் தோல்விதான். எல்லாரும் சேர வேண்டும்.

படப்பிடிப்பு மாதக்கணக்கில் நீண்டது. கட்சி கொடுத்த பணம் கரைந்தது. விஸ்கோன்டி தம் கைப்பணத்தைப் போட்டார். குடும்ப நகைகளையும் விற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். கடைசியில் ஒரு தயாரிப்பாளர் கைகொடுத்தார். முதல் பாகத்தோடு திட்டம் நின்றது. மற்ற இரண்டு பாகங்களும் எடுக்கப்படவே இல்லை.

'லா தெர்ரா த்ரேமா', அதாவது 'பூமி நடுங்குகிறது', 1948-ம் ஆண்டு வெனிஸ் படவிழாவில் காட்டப்பட்டது. ஒரு பக்கம் கைதட்டல், ஒரு பக்கம் கூச்சல். பரிசும் கிடைத்தது. பணம்தான் கிடைக்கவில்லை! சிசிலி மீனவர் பேச்சு மற்ற இத்தாலியர்களுக்கே புரியவில்லை. இத்தாலிய மொழியில் விளக்கம் சொல்லியும் கூட்டம் வரவில்லை.

வசூலில் படம் தோற்றது. கலையில் அது தோற்கவில்லை. உலகத்தின் தலைசிறந்த படங்களில் ஒன்றாக இன்று அதைக் கருதுகிறார்கள். அதில் உதவியாளர்களாக வேலை செய்த இரண்டு இளைஞர்கள் பிரான்செஸ்கோ ரோசி, பிராங்கோ ஸெபிரெல்லி. இருவரும் பின்னாளில் பெரிய டைரக்டர்கள் ஆனார்கள்.

மரியா காலாஸ்

1954-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி. லா ஸ்காலாவில் புதிய இசை நாடகப் பருவத்தின் முதல் நாள். நாடகத்தின் டைரக்டர் விஸ்கோன்டி. கதாநாயகி மரியா காலாஸ்.

பாட்டனார் காலத்தில் அங்கே வந்த டோஸ்கனினி, 87 வயதுக் கிழவராக அன்று அரங்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

காலாஸ் கிரேக்கப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அபாரமான குரல். ஆனால் இசை நாடக மேடையில் அந்தக் காலத்தில் நடிப்பு இரண்டாம் பட்சம். பாடகர் மேடையின் முன்னே வந்து நின்று பாடிவிட்டுப் போவார். விஸ்கோன்டிக்கு இது போதாது. பாடுகிறவர் பாத்திரமாகவே வாழ வேண்டும் என்றார். காலாஸ் அதற்கு இசைந்தார். மணிக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்.

1955-ம் ஆண்டு மே 28-ந் தேதி வெர்டியின் 'லா திராவியாத்தா' மேடையேறியது. காதலுக்காகத் தன் வாழ்வையே விட்டுக் கொடுத்து, காச நோயால் சாகும் ஒரு பெண்ணின் கதை. கடைசிக் காட்சியில் அந்தப் பெண் வெளியே புறப்பட எண்ணித் தொப்பியும் மேலங்கியும் அணிகிறாள். அந்தக் கோலத்திலேயே உயிர் பிரிகிறது.

பழைய முறைக்குப் பழகியவர்கள் கொதித்தார்கள். சாகிறவள் தொப்பி போடுவதா என்று கேட்டார்கள். ஆனால் சபையில் பலர் கண்ணீர் வடித்தார்கள். இசை நாடகத்தை நாடகமாகவும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்று வலுப்பட்டது. பின்னால் வந்த டைரக்டர்கள் பலர் அந்தப் பாதையிலேயே நடந்தார்கள்.

1958-ம் ஆண்டு லண்டன் கவென்ட் கார்டன் அரங்கில் அவர் நடத்திய 'டான் கார்லோ'வும் பெரும் புகழ் பெற்றது.

வடக்கே போன குடும்பம்

ஊருக்கு ஊர் வேலை தேடி ஓடும் ஏழைகளை விஸ்கோன்டி மறந்துவிடவில்லை.

தென் இத்தாலியில் வறுமை. வட இத்தாலியில் தொழிற்சாலைகள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறின. அப்படி மிலானுக்கு வரும் ஒரு விதவைத் தாயையும் அவள் பிள்ளைகளையும் பற்றியது 'ரோக்கோவும் அவன் சகோதரர்களும்' என்ற படம். 1960-ம் ஆண்டு வெளிவந்தது.

ஒரு பிள்ளை குத்துச்சண்டையில் பேர் வாங்கி, பிறகு கெட்டுப் போகிறான். இன்னொரு பிள்ளை அவனைக் காப்பாற்றத் தன் வாழ்வையே அழித்துக்கொள்கிறான். பிழைக்க வந்த நகரம் குடும்பத்தைச் சிதற அடிக்கிறது.

வெனிஸ் விழாவில் சிறப்புப் பரிசு கிடைத்தது. அதோடு வம்பும் வந்தது. சில காட்சிகளை வெட்ட வேண்டும் என்று மிலானில் அரசாங்க வக்கீல் வற்புறுத்தினார். கடைசியில் அந்தக் காட்சிகளை இருட்டாக்கிக் காட்டினார்கள். படத்தைப் பார்க்க மக்கள் திரண்டார்கள்.

45 நிமிட நடனம்

1963-ம் ஆண்டில் வந்தது 'இல் கத்தோபார்தோ'. சிறுத்தை இனத்து விலங்கு ஒன்றின் பெயர் அது. கதையில் வரும் சிசிலிப் பிரபுவின் குடும்பச் சின்னம் அதுவே.

1860-ம் ஆண்டு. புரட்சி வீரர் கரிபால்டி சிசிலியில் இறங்குகிறார். பழைய ஆட்சி சாய்கிறது. பிரபுக்களின் காலம் முடிகிறது என்பதை அந்தப் பிரபு உணர்கிறார். பணம் சேர்த்த புதிய மனிதர்கள் மேலே வருகிறார்கள். தம் மருமகப் பிள்ளையை அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கே மணம் பேசுகிறார்.

பிரபுவாக நடித்தவர் அமெரிக்க நடிகர் பர்ட் லங்காஸ்டர். பணம் போட்டவர்களுக்காக அவரை ஏற்க வேண்டி இருந்ததால் முதலில் விஸ்கோன்டிக்கு மனமில்லை. போகப் போக இருவரும் இணைபிரியா நண்பர்கள் ஆனார்கள்.

படத்தின் முடிவில் ஒரு நடன விருந்து வருகிறது. அது மட்டும் சுமார் 45 நிமிடம்! பலெர்மோ நகரத்து உண்மையான அரண்மனையில் எடுத்தார்கள். கோடை வெயில் தாங்காது என்று இரவில் படப்பிடிப்பு. விளக்குக் கொத்துகளில் நிஜமான மெழுகுவத்திகள். அவை உருகி ஒழுகும்போதெல்லாம் மாற்ற வேண்டும். விருந்தாளிகளாக நின்றவர்களில் சிலர் நிஜமாகவே சிசிலிப் பிரபு குடும்பத்தார்.

அந்த ஒளிக்கும் ஆட்டத்துக்கும் நடுவே பிரபு தனியாக நிற்கிறார். தம் முடிவு நெருங்குவதைக் கண்ணாடியில் பார்க்கிறார். பிரபு வம்சத்தில் பிறந்து ஏழைகளின் பக்கம் சேர்ந்த ஒருவரைத் தவிர வேறு யார் அந்தக் காட்சியை அப்படி எடுத்திருக்க முடியும்? தம் சொந்த வம்சத்தின் அஸ்தமனத்தையே அவர் படம் பிடித்தார்.

கான் படவிழாவில் படம் முதல் பரிசு பெற்றது. ஆனால் செலவு எல்லை மீறியது. அதை எடுத்த கம்பெனி நொடித்துப் போக இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் படத்தை வெட்டி, நிறம் மங்கிய பிரதிகளைக் காட்டினார்கள். உண்மை உருவம் அங்கே போய்ச் சேர இருபது ஆண்டுகள் ஆயின.

ஒரு குறை

பிடிவாதம் அவருக்குப் புகழ் தந்தது. மற்றவர்களுக்குச் சில சமயம் துன்பமும் தந்தது.

1971-ம் ஆண்டு 'வெனிஸில் மரணம்' என்ற படத்தை வெளியிட்டார். அதற்காக ஐரோப்பா முழுவதும் தேடி, 15 வயதுப் பையன் ஒருவனைக் கண்டுபிடித்தார். ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த அவன் பெயர் பியோன் ஆந்திரேசன். உலகிலேயே அழகான பையன் என்று அவனை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்கள். திடீரென்று வந்த அந்தப் புகழ் சிறுவனின் வாழ்க்கையைச் சுமையாக அழுத்தியது. தம்மை ஒரு பொருளைப் போல் நடத்தினார்கள் என்று, வளர்ந்த பிறகு அவர் மனம் நொந்து கூறினார். 2021-ம் ஆண்டு வெளிவந்த ஓர் உண்மைப் படம் அந்தக் கதையைச் சொல்லிற்று.

அழகைத் தேடிய கண், அந்தக் குழந்தையின் மனத்தைப் பார்க்கத் தவறியது. விஸ்கோன்டியின் வாழ்க்கையைச் சொல்லும்போது இதையும் மறைப்பதற்கில்லை.

சக்கர நாற்காலி

1972-ம் ஆண்டு ஜூலை மாதம். பவேரியா நாட்டு அரசர் இரண்டாம் லுத்விக்கைப் பற்றிய படத்தை எடுத்து முடித்துத் தொகுக்க வேண்டிய நேரம். விஸ்கோன்டியைப் பக்கவாதம் தாக்கியது. இடது பக்கம் செயல் இழந்தது.

வயது 65. இனி ஓய்வுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை!

கோமோ ஏரிக்கரையில் இருந்த குடும்ப மாளிகைக்குத் தொகுப்புக் கருவிகளை வரவழைத்தார். அங்கே உட்கார்ந்தபடியே லுத்விக் படத்தை முடித்தார். 1973-ம் ஆண்டில் ஓர் இசை நாடகத்தையும் ஒரு நாடகத்தையும் மேடையேற்றினார். 1974-ம் ஆண்டில் இன்னொரு படம் வெளிவந்தது. அதில் தனிமையில் வாழும் முதிய பேராசிரியராக நடித்தவர், பழைய நண்பர் லங்காஸ்டர்.

பிறகு கால் எலும்பு முறிந்தது. அப்போதும் அவர் விடவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே 'குற்றமற்றவன்' என்ற கடைசிப் படத்தை டைரக்டு செய்தார். திரையில் விழும் ஒவ்வொரு துணி மடிப்பையும் அந்த நாற்காலியில் இருந்தே கவனித்தார்.

1976-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி ரோம் நகரில் லுக்கினோ விஸ்கோன்டி காலமானார். வயது 69. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிப் படம் மே மாதம் கான் விழாவில் காட்டப்பட்டபோது, எடுத்தவர் உயிரோடு இல்லை.

தோழர்கள் செய்த காரியம்

அவர் சிரமப்பட்டு முடித்த லுத்விக் படத்தைத் தயாரிப்பாளர்கள் மிகவும் வெட்டிச் சுருக்கி இருந்தார்கள். அவருடைய மனத்தில் அது ஆறாத புண்.

அவர் இறந்த பிறகு படத்தின் மூலப் பிரதி ஏலத்துக்கு வந்தது. அவரோடு வேலை செய்த தோழர்கள் பணம் திரட்டி அதை வாங்கினார்கள். கதை எழுதியவரும் படத்தைத் தொகுத்தவரும் அதில் முன் நின்றார்கள். வெட்டிய பகுதிகளைச் சேர்த்தார்கள். அவர் நினைத்தபடி, சுமார் நாலு மணி நேரப் படமாக அதை மீண்டும் உருவாக்கினார்கள். 1980-ம் ஆண்டு வெனிஸில் அது காட்டப்பட்டது.

அவர் கோபத்துக்கு ஆளானவர்கள்தான் அவர்கள். இரவு பகலாக அவரிடம் வேலை செய்து களைத்தவர்கள்தான். ஆனாலும் செய்கிற வேலையில் பொய் கூடாது என்பதை அவரிடமே கற்றவர்கள். அந்தக் கடனை அவர்கள் திருப்பிச் செலுத்தினார்கள்.

பிரபு வம்சமும், பந்தயக் குதிரைகளும், மாளிகை மேடையும் இன்று பழங்கதை. தராசைக் கடலில் வீசிய அந்தச் சிசிலி மீனவன் மட்டும் திரையில் இன்னும் வாழ்கிறான்.